பின்பக்கத்து அறை

சுவிட்ச் இருந்த இடத்தில் விரலுக்கு ஈரச் சிமெண்ட்தான் தட்டுப்பட்டது.

லாய்ட் ஹட்னியாக் இடது கையைப் பின்னுக்கு இழுத்து விரல் நுனியைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் குழைவாக அப்பியிருந்தது. மத்தியானம் மூன்று மணிதான் ஆகியிருந்தது. ஆனால் சான் தாதேயோ என்ற அந்த வெப்பக் கடலோர ஊரில் ஆகஸ்ட் மாதத்தில் அந்த நேரத்துக்கெல்லாம் கடலுக்கு மேலே மேகம் கவிந்துவிடும், அறைகள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் பச்சையாக இருண்டுவிடும், கழிவுநீர்க் குழாயின் வாடையும் உப்பும் ஈரச் சுண்ணாம்பும் ஒன்றாகக் கலந்து மூச்சில் ஒட்டும். பின்பக்கத்து அறைக்குள் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தவர் பழக்கத்தில் விளக்கைப் போடக் கை நீட்டினார். நேற்று வரைக்கும் நிலைக்கு இடப்பக்கம், உட்கார்ந்த உயரத்துக்கு எட்டும்படி ஒரு வெள்ளை சுவிட்ச் இருந்தது. இப்போது அங்கே கரணையால் மட்டம் செய்த ஒரு சதுரம்தான் இருந்தது.

ஒற்றைக் கையால் நாற்காலியைத் திருப்பி நடைக்கு வந்தார். சுவிட்ச் அங்கே இருந்தது. அறைக்கு வெளியே, புத்தம் புதிதாக, அவர் கைக்கு எட்டாத உயரத்தில்.

கனடாவில், ஆல்பர்ட்டாவின் ஒரு நகராட்சியில் இருபத்தொன்பது வருஷம் கட்டட ஆய்வாளராக இருந்தவர் லாய்ட். சுவர்களைப் பார்த்தே கட்டச் சொன்னவர் மனதில் என்ன ஓடியது என்று சொல்லிவிடுவார். குளியலறைக்கு வெளியே சுவிட்ச் வைப்பார்கள், சாமான் அறைக்கு வெளியே வைப்பார்கள். படுக்கையறைக்கு வைக்க மாட்டார்கள். படுக்கையறைக்கு வெளியே சுவிட்ச் வைக்கிறவர், உள்ளே இருப்பவர் விளக்கைத் தொட வேண்டாம் என்று நினைக்கிறார்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி மாக்ஸின் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். இதை ஏன் வெளியே வைத்தாய் என்று கேட்க அவர் வாயைத் திறந்தார்.

"சரி" என்றார்.

"உன் நல்லதுக்குத்தான் ராஜா" என்றாள் மாக்ஸின். "விளக்கைத் தேடி எழுந்து நீ விழுந்து வெச்சா யார் தூக்குறது?"

போன நவம்பரில் மூளையில் ரத்தம் கசிந்து, வலக்கையும் வலக்காலும் முகத்தின் வலப்பக்கமும் பேச்சும் ஒரே காலையில் போயின. எழுத்தும் போயிற்று. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோடுகள் வரும், சொற்கள் வராது. காதில் விழுவது எல்லாம் புரிந்தது. நினைப்பதும் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வாயில் ஒரே ஒரு சொல் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தாகம் என்றாலும் அதுதான் வந்தது, வலி என்றாலும் அதுதான், தொடாதே என்று கத்த நினைத்தாலும் அதுதான். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், இப்படி ஒரு சொல் மட்டும் மிஞ்சுவது உண்டு என்றாள். சிலருக்குக் கெட்ட வார்த்தை மிஞ்சும், இவருக்கு நல்ல சொல்லாக வாய்த்ததே அதிர்ஷ்டம் என்றாள். மாக்ஸின் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்துநான்கு வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை என்றாள்.

பதினோரு குளிர்காலங்கள் அவர்கள் இந்த ஃப்ளாட்டுக்கு வந்திருக்கிறார்கள். டிசம்பரில் வந்து மார்ச்சில் திரும்புவார்கள், குளிருக்குத் தப்பி வந்து போகிற எல்லாரையும்போல. இந்த முறை மாக்ஸின் ஊரிலிருந்த வீட்டை விற்றுவிட்டு, ஜூலையில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜூலையில் யாரும் வர மாட்டார்கள். மூன்று மாடி, ஆறு ஃப்ளாட்டுகள். ஐந்தின் கதவுகள் பூட்டிக்கிடந்தன, கடல்பக்கத்து ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. நடைபாதையின் பிளாஸ்டிக் செடிகளில் உப்புப் பூத்திருந்தது. பல்லிகள் உச்சுக் கொட்டுவதுபோல் ஓசை எழுப்பின. நாளுக்கு ஒரு தடவை எரிவாயு வண்டி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போகும். அது போனபிறகு கடல் மட்டும்தான்.

பின்பக்கத்து அறையை உனக்கு வசதியாகக் கட்டித் தரப்போகிறேன் என்று வந்த முதல் வாரமே மாக்ஸின் சொன்னாள். கட்ட வந்தவர் மேஸ்திரி எவுசேபியோ. ஐம்பது வயதிருக்கும், குட்டையானவர், வேலையின்போது வாயைத் திறக்காதவர், கரணையைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்கிறவர். லாய்டுக்கு அவரைப் பிடித்துப்போனது. காலையில் எவுசேபியோ வந்ததும் இவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்திக்கொள்வார். மட்டப்பலகை வைக்கும் முன்பே இவர் கண் சொல்லிவிடும், எந்த ஓடு ஒரு மயிரிழை தூக்கியிருக்கிறது என்று. இடது கைவிரலால் காட்டுவார். எவுசேபியோ மட்டப்பலகையை வைத்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், ஓட்டைப் பெயர்த்துத் திரும்பப் பதிப்பார். அத்தனை மாதங்களில் லாய்டை ஒரு மனிதனாக நடத்தியது அந்த ஆள் மட்டும்தான்.

தரை முடிந்த அன்று எவுசேபியோ ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து வாசலோரம் ஊற்றினார். தண்ணீர் தயங்கவில்லை. ஓடுகளின் மேல் ஒரு கயிறுபோல் நீண்டு, அறையின் நடுவிலிருந்த வடிகால் ஓட்டைக்குப் போய், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உள்ளே இறங்கிப்போனது. நான்கு மூலையிலும் ஊற்றிக் காட்டினார். நான்கிலிருந்தும் அப்படியே ஓடியது. குறை சொல்ல இடமே இல்லை. லாய்ட் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"தோன் லாய்ட் பாஸ் போட்டுட்டார்" என்றார் எவுசேபியோ. ஐயா என்பதற்கு அந்த ஊரில் தோன் என்பார்கள். அவர் சிரித்து லாய்ட் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேஸ்திரி சாப்பிடப் போனபிறகும் லாய்ட் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஓட்டைக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கும் ஓசை வெகுநேரம் வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு மடக்கு விழுங்குவதுபோல. பிறகு துளித்துளியாக. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. குளியலறையின் தரைக்கு அவர் பாஸ் போடவில்லை. அவர் படுக்கப்போகிற அறையின் தரைக்குப் போட்டிருக்கிறார்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் மாக்ஸினிடம் ஒரு பதில் இருந்தது, எல்லாப் பதிலும் நியாயமாக இருந்தது. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள்; காற்றுக்காகக் கட்டடத்தின் நடுவில் விட்ட கூண்டிலிருந்து கொசு வருகிறது, இது டெங்கு காலம். மரக்கட்டிலைத் தூக்கிப்போட்டுவிட்டு, சிமெண்டில் மேடை கட்டி அதற்கும் ஓடு பதித்தார்கள். கடலோரத்தில் மெத்தை பூசணம் பிடித்துவிடும், போதாததற்கு அவருக்குச் சில சமயம் படுக்கையிலேயே போய்விடுகிறது. சுவருக்கு ஆள் உயரம் ஓடு, துடைக்கச் சுலபம். கூரையின் நடுவில் அகலமான ஷவர், அதன் திருகு நடையில்; அவர் சுடுதண்ணீரைத் திருப்பி வெந்துபோய்விடக் கூடாது. நடைப்பக்கத்துச் சுவர் முழுக்க, ஒலிப்பதிவுக் கூடங்களில் வைப்பார்களே, அந்தமாதிரிக் கனமான பஞ்சுப் பலகைகள். சத்தம் கேட்டால் அவருக்குத் தலைவலி வருகிறது. பிறகு கதவு. இரும்புக் கதவு. வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினார்கள். உள்பக்கம் கைப்பிடிக்கு ஓட்டைகூடப் போடவில்லை.

இப்படி ஒரு அறையை அவர் முன்பு பார்த்திருக்கிறார். நகரத்துக்கு வெளியே, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வருஷம். நடுவில் சாய்ந்த தரை, ஆள் உயர ஓடு, வெளியே சுவிட்ச், வெளியே தண்ணீர்த் திருகு. விடுமுறைக்குப் போகிறவர்கள் நாயை விட்டுப்போகிற இடம் அது. தரையின் சாய்வு போதவில்லை, மூத்திரம் தேங்கும் என்று அவர் அறிக்கை எழுதியது ஞாபகம் வந்தது. எவுசேபியோவின் தரையில் அந்தக் குறை இல்லை.

இதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். யாரிடம் என்பதில் குழப்பமில்லை. செவ்வாய்க்கிழமை மாக்ஸின் சந்தைக்குப் போனாள். எவுசேபியோ பின்பக்கத்து அறையின் தரையில் சம்மணமிட்டு, துணியில் சுற்றிய சோள ரொட்டியைப் பிரித்து அவரைக்கொட்டையோடு தின்றுகொண்டிருந்தார். கதவுக்கு அடித்த பெயிண்டின் வாடையும் மிளகாய் வாடையும் சேர்ந்து காற்று கண்ணைக் கரித்தது. லாய்ட் ஒரு பழைய சிமெண்ட் பையின் காகிதத்தில், இடது கையால், அரைமணி நேரம் வியர்வை வழிய வரைந்ததை அவர் மடியில் போட்டார். ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் குச்சி குச்சியாக ஒரு மனிதன். மனிதன்மேல் பெரிய பெருக்கல் குறி.

எவுசேபியோ மெல்லுவதை நிறுத்தினார். காகிதத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இந்த ரூம் உங்களுக்கு வேண்டாமா, தோன் லாய்ட்?"

வேண்டாம் என்றார் லாய்ட். "சரி" என்று கேட்டது.

"வேணுங்கிறீங்களா?"

"சரி." அந்தச் சொல்லைத் தன் வாயிலிருந்து பிய்த்து எறிய முடியாமல் அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார், ஆட்டினார், கழுத்து நரம்பு சுளுக்கும்வரை ஆட்டினார். எவுசேபியோவின் முகம் மாறியது. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பயப்படாதீங்க, நான் அந்தம்மாகிட்ட கேக்கிறேன் என்றார்.

மறுநாள் காலையில் கேட்டார். அவர் நேர்மையாகக் கேட்டதுபோல்தான் லாய்டுக்குத் தோன்றியது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஐயாவுக்கு இந்த அறை பிடிக்கவில்லை போலிருக்கிறது, தலையை ஆட்டினார் என்று சொன்னார். காகிதத்தையும் எடுத்து நீட்டினார். மாக்ஸின் அதை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் கண்களில் நீர் துளிர்த்ததைக்கூட லாய்ட் பார்த்தார். பாவம், அவர் மூளையில் ஆமாமும் இல்லையும் இடம் மாறிப்போச்சு மேஸ்திரி, டாக்டரே சொன்னார் என்றாள். பிறகு அவள் இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் இவர் முகத்தை ஏந்திக்கொண்டாள். அவள் கையில் ப்ளீச்சிங் வாடை அடித்தது.

"லாய்ட், ராஜா, என்னைப் பாரு. நான் உன் பொண்டாட்டிதானே?"

அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தப்பித்திருக்கலாம். அடிவயிற்றிலிருந்து எழுந்த ஒன்று அவர் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உலுக்கியது. இல்லை. இல்லை. நீ இல்லை.

"பாத்தீங்களா மேஸ்திரி" என்றாள் மாக்ஸின், எழுந்துகொண்டே.

எவுசேபியோ அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது லாய்டுக்கு நன்றாகத் தெரிந்தது. நம்ப விரும்புகிறவரின் முகம். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கதவின் கீலுக்கு எண்ணெய் போடப் போனார்.

அதன்பிறகு லாய்டால் தூங்க முடியவில்லை. முன்னறையில் மின்விசிறி சுற்றும் ஓசையைக் கேட்டுக்கொண்டு, தான் அவளுக்கு என்ன செய்தோம் என்று தேடினார். முப்பத்துநான்கு வருஷத்தை ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தார். அவளை அடித்ததில்லை. வேறு பெண்ணைத் தேடிப் போனதில்லை. அவள் பூசிய பெயிண்டை மூன்று முறை சுரண்டித் திரும்பப் பூச வைத்திருக்கிறார். விருந்தாளிகள் முன்னால் அவள் சமைத்ததை ஒதுக்கி வைத்திருக்கிறார். அவள் அம்மா இறந்த அன்று, ஆய்வுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று போய்விட்டார். பாட்டு வகுப்புக்குப் போகிறேன் என்றபோது உன் குரலுக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார். எல்லாம் சின்னச் சின்னவை. எதுவும் அந்தக் கதவின் அளவுக்குப் பெரிதாக இல்லை. எந்த ஒன்றுக்காக என்று தெரிந்தால் அதற்காக மன்னிப்புக் கேட்கலாம். மன்னிப்புக் கேட்டாலும் "சரி" என்றுதான் வரும்.

ஒருநாள் சவரம் செய்துவிடும்போது அவள் பேசினாள். கத்தி அவர் தொண்டையில் இருந்தது. மெதுவாக, அக்கறையாக, நுரையை வழித்துக்கொண்டே பேசினாள்.

"ஊர்ல இருக்கிற அத்தனை பேர் வீட்டுலயும் குறை கண்டுபிடிச்சு எழுதினவன் நீ. எங்கிட்டகூட ஒரு நாளாவது குறை சொல்லாம இருந்ததில்ல. இந்த ரூம்ல ஒரு குறை சொல்லு, பாப்போம்."

"சரி."

"அவ்வளவுதானா?"

"சரி."

"அப்ப பாஸ்" என்றாள். துண்டால் அவர் கன்னத்தை ஒற்றினாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள். குரல் நன்றாகத்தான் இருந்தது.

மகள் ஜோலீன்தான் கடைசி நம்பிக்கை. அவள் ஆல்பர்ட்டாவில் இருந்தாள், வயிற்றில் முதல் குழந்தைக்கு மூன்று மாதம், பிப்ரவரியில் பிரசவம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாள். மாக்ஸின் இவரை முன்னறையில், கடல் முழுக்கத் தெரியும்படி உட்கார வைத்திருந்தாள். அப்பா, அங்க சந்தோஷமா இருக்கீங்களா என்று ஜோலீன் கேட்டாள். லாய்ட் இடது கையைத் தூக்கிப் பின்பக்கத்து அறையைக் காட்டினார், காற்றில் கதவு வரைந்தார், நெஞ்சில் குத்திக்கொண்டார். இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்ற மாக்ஸின், புது ரூமைக் காட்டணுமாம், அவ்வளவு பெருமை உங்கப்பாவுக்கு என்றாள். மகள் திரையில் அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றாள்.

மறுநாள் மாக்ஸின் அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்துச் சோபாவில் பரப்பினாள்.

காலை பத்து மணிக்குத் தொடங்கினாள். நீலச் சட்டை. செல்பேசியைப் படமெடுக்க எதிரே நிறுத்தினாள். ஜோலீனுக்கு ஒரு வணக்கம் சொல்லு, இன்னிக்கு நல்லா தூங்கினியா என்றாள். "சரி." நிறுத்தினாள். நீலத்தைக் கழற்றி வெள்ளையை மாட்டினாள். பூச்சாடியை மாற்றினாள். மீன் நல்லா இருந்துச்சா? "சரி." வெள்ளையைக் கழற்றினாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கோடுபோட்ட சட்டை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். காலுக்கு எண்ணெய் தேய்ச்சது இதமா இருந்துச்சா? "சரி." எட்டாவது சட்டைவரைக்கும் அவர் ஏதோ பொழுதுபோகாமல் செய்கிறாள் என்றுதான் நினைத்தார். ஒன்பதாவதாக அவள் எடுத்தது கம்பளிச் சட்டை.

வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. கம்பளிக்குள் வியர்வை முதுகில் ஓடி இடுப்பில் தேங்கியது. மாக்ஸின் முகத்தைத் துடைத்துவிட்டாள். பெட்டியிலிருந்து சிவப்புத் தொப்பியை எடுத்து, வெள்ளைக் குஞ்சம் ஒரு பக்கம் தொங்கும்படி அவர் தலையில் வைத்தாள்.

"ஜோலீன் இந்த கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம், வயித்துப் பிள்ளையோட அலைய வேண்டாம்னு சொல்றியா ராஜா?"

அவர் பல்லைக் கடித்தார். உதட்டை இறுக்கினார். மாக்ஸின் காத்திருந்தாள். அவளுக்கு அவசரமில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீரை அவர் பார்க்கும்படி மேஜையில் வைத்தாள். குவளையின் வெளிப்புறம் பனித்து ஒரு சொட்டு வழிந்தது. அரைமணி நேரம். முக்கால் மணி. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.

தண்ணீர் என்றார்.

"சரி" என்று பதிவானது.

அவள் குவளையைத் தன் வாயில் வைத்துக் குடித்தாள். தொப்பியைக் கழற்றினாள். மெல்லிய மஞ்சள் சட்டை ஒன்றை மாட்டினாள். செல்பேசியின் வெற்றுத் திரையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"ஆணா பொண்ணான்னு தெரியாது, ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி கேக்கிறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டாள். "லாய்ட், பாரேன், உன் பேரக்குழந்தை. அழகா இருக்கில்ல?"

கறுத்த திரையில் அவர் முகம்தான் தெரிந்தது. அந்த முகம் வாயைத் திறந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. எவுசேபியோ சாமான்களைக் கட்டினார். கரணைக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றினார். போகும்போது லாய்டின் எதிரே வந்து நின்று, தரை நல்லா வந்திருக்கு இல்லையா தோன் லாய்ட் என்று கேட்டார். அவர் கண்களைப் பார்த்துக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. படியில் அவர் செருப்போசை இறங்கியது. இரண்டாம் மாடி. முதல் மாடி. தெருக்கதவு. அவ்வளவுதான்.

மாக்ஸின் நாற்காலியின் பின்னால் வந்தாள்.

லாய்ட் இடது கையால் சக்கரத்தைப் பிடித்தார். அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். குழந்தையின் விரலை எடுப்பதுபோல. நடை. நிலை. அவரைத் தூக்கி மேடைமேல் கிடத்தினாள். எட்டு மாதமாகத் தூக்கித் தூக்கி அவள் கைகளில் பலம் ஏறியிருந்தது. நெற்றியில் முத்தமிட்டாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

கதவு சத்தமில்லாமல் மூடியது. கீலுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள்.

விளக்கு அணைந்தது.

கடல் நின்றுவிட்டது. பதினோரு குளிர்காலங்களாகக் காதில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த கடல், ஒரு திருகை மூடியதுபோல் நின்றுவிட்டது. மின்விசிறி இல்லை. பல்லி இல்லை. எரிவாயு வண்டி இல்லை. அவருடைய மூச்சு ஓட்டில் பட்டுத் திரும்பி வந்தது. முதுகுக்குக் கீழே குளிர்ச்சி. புதுச் சிமெண்டின் வாடை. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை, பழையது. இந்த அறையுடையது அல்ல.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு ஒரு தட்டல்.

தலைமாட்டுச் சுவரில். இரண்டு. நிறுத்தம். மீண்டும் இரண்டு. வாழ்நாள் முழுக்கச் சுவர்களைத் தட்டிப் பார்த்தவர் அவர். குழாய் விரிகிற ஓசை எது, எலி எது, விரல்முட்டி எது என்று அவருக்குத் தெரியும். இது விரல்முட்டி. அடுத்த ஃப்ளாட் பூட்டிக்கிடப்பதால் அந்தப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் பஞ்சுப் பலகை வேண்டாம் என்று மாக்ஸின் சொல்லியிருந்தாள்.

அவர் உடம்பை இழுத்துத் திருப்பிக் காதை ஓட்டில் வைத்தார்.

"புதுசா?" என்றது ஒரு குரல். கிழவரின் குரல், லாய்டின் ஊர்ப்பக்கத்து ஆங்கிலம், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல.

"சரி" என்றார் லாய்ட். "சரி. சரி. சரி."

"பேச வரலையா? பரவாயில்ல. எனக்கு வரும், ஆனா கேக்க ஆளில்ல. இது எனக்கு மூணாவது மழைக்காலம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. "தரை நல்லா போட்டிருக்கானா? எனக்கும் எவுசேபியோதான் போட்டான். அவனுக்குச் சாய்வு பிரமாதமா வரும்."

லாய்டின் இடது கை ஓட்டின்மேல் விரிந்தபடி நின்றது.

"கேளு. அவங்க சாயங்காலத்துக்கு முன்னால கழுவுவாங்க. மேல ஷவர்ல திருகு திறக்கிற சத்தம் கேக்கும். உடனே மூஞ்சியத் தூக்கி வாயைத் தெற. பத்து எண்ற வரைக்கும் நல்ல தண்ணி. குடிச்சுக்கோ, நாள் முழுக்க அதுதான். பத்துக்கு அப்புறம் ப்ளீச் கலந்து வரும். மூடிக்கோ."

மேலே ஷவர் குழாயில் கிறீச் என்றது.

லாய்ட் முகத்தைத் தூக்கினார். வாயைத் திறந்தார். இருட்டில் கூரை எங்கோ கனைத்தது. பிறகு தண்ணீர் விழுந்தது. கண்ணில், மூக்கில், நாக்கில். குளிர்ந்த, இரும்பு ருசியுள்ள தண்ணீர். அவர் விழுங்கினார். அழுதுகொண்டே விழுங்கினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிழவர் அவருக்காக எண்ண ஆரம்பித்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

நான்கில் நாக்கு எரிந்தது.

"அஞ்சு" என்றது குரல், நிதானமாக. "தெறந்தே வை. ஆறு."

தொண்டை பற்றிக்கொண்டது. லாய்ட் வாயை மூடினார். பலமெல்லாம் திரட்டி மூடினார்.

இடப்பக்கம் மட்டும் மூடியது.